ஸ்பானிஷ் ஒழுங்கு வினைகள்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் கல்லடியில் சிலருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள், சர்ஃபிங் கடை வைத்திருப்பவர்கள், பந்தாட்டப் பைத்தியங்கள் எனப் பல வகையானவர்கள் வருகிறார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றில் சாய்ந்து நிற்பதால், முதல் தடவை வரிசையாக வாசியுங்கள்.

1. ஸ்பானிஷ் படிச்சு மட்டக்களப்பில என்ன செய்யிறது ரீச்சர்?

பெரும்பாலும் வேலைக்குத்தான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை அறுகம்பேயில் அலைக் காலம். ஸ்பெயின்காரர்களின் கோடை விடுமுறையும் அதற்குள்தான் விழுகிறது. பாசிக்குடா ஹோட்டல்களிலும் அவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் இங்கிலிஷில் கதைப்பார்கள். ஆனால் தங்கள் மொழியில் நாலு வசனம் கேட்டால் முகம் வேறு மாதிரி மலரும்.

அதற்கு அப்பால், ஏறத்தாழ 20 நாடுகளில் ஓடுகிற மொழி இது. படித்தது வீண்போகாது.

2. 'வினையை மாற்றணும், மாற்றணும்' என்றீங்க. எதை மாற்றுறது?

வினையின் வாலை. ஓ.எல். தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, பகுதி, விகுதி என்று? அதேதான். 'கதைக்கிறன், கதைக்கிறாய், கதைக்கிறம்' என்பதில் முன்பகுதி அசையாமல் நிற்க, கடைசித் துண்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஸ்பானிஷிலும் அப்படியே.

அகராதியில் வினை மூன்று முடிவுகளில் ஒன்றோடு இருக்கும்: ஆர், ஏர், ஈர். அப்லார் என்றால் கதைக்க, கொமேர் என்றால் சாப்பிட, பிபீர் என்றால் வாழ. அந்த முடிவை வெட்டிவிட்டு மிச்சத்தில் விகுதியை ஒட்ட வேண்டும். இப்படி வெட்டி ஒட்டினால் கணக்குப் பிசகாமல் வருகிற வினைதான் ஒழுங்கு வினை.

3. நீங்க தமிழ் எழுத்தில எழுதினதை எப்படி வாசிக்கிறது?

ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதை நெடிலில் எழுதுகிறேன், மற்றவை குறில். ஸ்பானிஷில் உண்மையில் நெடில் குறில் வேறுபாடு கிடையாது, அழுத்தம் மட்டும்தான். எனவே நெடிலைக் கண்டால் இழுக்காதீர்கள், அழுத்துங்கள். இந்தப் பழக்கத்தின் பலன் 15ஆம், 18ஆம் கேள்விகளில் தெரியும்.

அப்லார், பிபீர் இரண்டிலும் வருவது 'பஸ்' என்பதன் ப. சொல்லுக்கு நடுவே வரும்போது 'கோபம்' என்று நாம் சொல்லும்போது வருவது போல மெலியும். ஸ்பானிஷ் எழுத்தில் இரண்டு வேறு எழுத்துகள் இருந்தாலும் ஒலி ஒன்றுதான். அதனால்தான் இந்தப் பக்கத்தில் அந்த ஒலிக்கு 'வ' என்ற எழுத்தைப் பயன்படுத்தவே இல்லை. ஹ என்று எழுதியிருப்பதைத் தொண்டையில் உரசிச் சொல்லுங்கள்.

4. எனக்கு இங்கிலிஷ் சரியா வராது. அதோட ஸ்பானிஷ் ஏலுமா?

தாராளமாக ஏலும். வினை விடயத்தில் இங்கிலிஷ் உதவியை விட உபத்திரவம்தான் அதிகம். அந்த மொழியில் விகுதி தேய்ந்து போய்விட்டது. நான், நீ, நாங்கள், அவர்கள் எல்லோருக்கும் நிகழ்காலத்தில் ஒரே சொல். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷுக்கு வருகிறவருக்கு ஆறு வடிவம் என்பது பெரிய மலை.

நமக்கு அது மலை இல்லை. வாய் திறந்த நாள் முதல் விகுதியோடுதான் கதைக்கிறோம். போன் செயலிகள் இங்கிலிஷ் வழியாகச் சொல்லித்தருவதால், நம் பிள்ளைகள் தமிழை மறந்து இங்கிலிஷுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானிஷுக்கு வருகிறார்கள். கல்லடியில் இருந்து காத்தான்குடிக்குப் போக யாராவது ஏறாவூர் பஸ் ஏறுவார்களா? கொப்பியில் ஸ்பானிஷ் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழை எழுதுங்கள். அதுவும் நீங்கள் வீட்டில் கதைக்கிற தமிழை.

5. சரி, விகுதியெல்லாம் ஒருக்காச் சொல்லுங்க.

நிகழ்காலம். ஆர் வகைக்கு அப்லார்:
ஆப்லொ (கதைக்கிறன்), ஆப்லஸ் (கதைக்கிறாய்), ஆப்ல (கதைக்கிறான், கதைக்கிறாள்), அப்லாமொஸ் (கதைக்கிறம்), அப்லாய்ஸ் (நீங்கள் பலர் கதைக்கிறீங்க), ஆப்லன் (அவங்க கதைக்கிறாங்க).

ஏர் வகைக்கு கொமேர்:
கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென்.

ஈர் வகைக்கு பிபீர்:
பீபொ, பீபெஸ், பீபெ, பிபீமொஸ், பிபீஸ், பீபென்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நான்' மூன்றிலும் ஒ. 'நீ' மூன்றிலும் ஸ். 'அவங்க' மூன்றிலும் ன். ஏர் வகைக்கும் ஈர் வகைக்கும் வித்தியாசமே 'நாங்கள்', 'நீங்கள் பலர்' என்ற இரண்டு இடத்தில்தான். ஆக, மூன்று அட்டவணை போலத் தெரிந்தாலும் படிக்க இருப்பது ஒன்றரை அட்டவணை. 'நாங்கள்' என்பதற்கு ஸ்பானிஷிலும் ம் ஒலி வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? கதைக்கிறம், அப்லாமொஸ். தற்செயல்தான், ஆனாலும் ஞாபகம் வைக்க வசதி.

6. ஆறையும் ஒரேயடியாப் பாடமாக்கணுமா?

வேண்டாம். அட்டவணையை வாய்ப்பாடு போலப் பாடமாக்கியவரிடம் 'நாங்கள் வேலை செய்கிறோம்' சொல்லச் சொன்னால், மனத்துக்குள் முதலில் இருந்து ஓதி நாலாவது இடத்துக்கு வந்துதான் பதில் சொல்வார். அதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

முதல் இரண்டு வாரம் 'நான்', 'நீ' இரண்டோடு மட்டும் நில்லுங்கள். அதுவும் ஆர் வகை மட்டும். இரண்டு பேர் நின்று கதைக்க அது போதும். ஒருவர் கேட்கிறார், மற்றவர் சொல்கிறார். பிறகு 'அவன், அவள்', மறுகா 'நாங்கள்'. ஏர், ஈர் வகைகளை அதற்குப் பிறகு எடுத்தால் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஆர் வகையை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வினைகளில் மிகப் பெரும்பாலானவை அதில்தான். புதிதாகப் பிறக்கும் வினைகளும் அதில்தான் சேருகின்றன. அலையில் சறுக்குவதற்கு சுர்ஃபெயார். நாம் எந்தப் புதுச் சொல்லோடும் 'பண்ணு' சேர்த்துச் சமாளிக்கிற மாதிரி.

7. 'நான்' என்று முன்னுக்குச் சொல்லாட்டி விளங்குமா?

விளங்கும். 'சந்தைக்குப் போறன்' என்றால் போவது யார் என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. 'ஆப்லொ எஸ்பஞோல்' என்றால் ஸ்பானிஷ் கதைக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொரு வசனத்திலும் யோ, யோ என்று போட்டால் 'நான்தான், நான்தான்' என்று நெஞ்சில் தட்டுவது போல இருக்கும். 'அவன் கதைக்க மாட்டான், நான் கதைப்பன்' என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

8. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். தமிழ் வினை ஆண், பெண், அஃறிணை பிரித்துக் காட்டும். ஸ்பானிஷ் வினை காட்டாது. 'த்ரபாஹ அகீ' என்றால் 'இங்கே வேலை செய்கிறான்' என்றும் இருக்கலாம், 'செய்கிறாள்' என்றும் இருக்கலாம். கதையில் ஆள் யாரென்று தெரியாத இடத்தில் மட்டும் ஏல் (அவன்), ஏய (அவள்) என்று முன்னால் போடுவார்கள். நமக்கு இது இலாபம். மூன்றுக்குப் பதில் ஒன்றைப் படித்தால் போதும்.

9. 'ஆப்லன்' என்றால் எனக்கு 'நான் கதைக்கிறன்' என்றுதான் காதில விழுது. ஏன்?

ஏனென்றால் நீங்கள் கிழக்கு மாகாணத்தில் பிறந்தவர். போறன், வாறன், கதைக்கிறன். நம் பேச்சில் 'அன்' என்று முடிந்தால் அது நான். எழுத்துத் தமிழில் 'ஏன்' என்று முடிந்தாலும் நான். ஸ்பானிஷில் 'அன்', 'என்' இரண்டும் 'அவங்க'. ஆப்லன், கோமென், பீபென். இங்கிலிஷ் வழியாகப் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் வராது. நமக்கென்றே உள்ள பொறி இது. எந்தப் பாடப்புத்தகமும் எச்சரிக்காது.

மருந்து என்னவென்றால், ன் என்று முடிகிற வடிவத்தைத் தனியாகச் சொல்லாமல் எப்போதும் ஒரு கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லிப் பழகுவது. 'லொஸ் துரீஸ்தஸ் கோமென்', சுற்றுலாக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். 'மிஸ் பாத்ரெஸ் த்ரபாஹன்', என் அம்மா அப்பா வேலை செய்கிறார்கள். முன்னால் கூட்டம் நின்றால் காது தானாகத் திருந்தும். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

10. வயசானவங்களோட 'நீ' போட்டுக் கதைக்கலாமா?

அதற்கு உஸ்தேத் என்ற சொல் இருக்கிறது, நம் மரியாதை 'நீங்கள்' மாதிரி. அதோடு வருவது 'அவன், அவள்' வடிவம். எனவே 'ஆப்ல உஸ்தேத் எஸ்பஞோல்?' என்றால் 'நீங்கள் ஸ்பானிஷ் கதைப்பீர்களா?'. முன்னிலைக்குப் படர்க்கை விகுதி ஏன் என்று கேட்பீர்கள். அந்தச் சொல் பழைய காலத்தில் 'தங்கள் அருள்' என்ற பொருளுடைய ஒரு தொடர் சுருங்கி வந்தது. மனுவில் 'தங்கள் சமூகம்' என்று எழுதுவோமே, அதுபோல ஆளை நேரே சுட்டாமல் பேசுவது.

ஸ்பெயின்காரர்கள் கடையிலும் கடற்கரையிலும் சட்டென்று 'நீ'க்கு வந்துவிடுவார்கள். அவர்கள் 'நீ' என்றால் அதில் அவமரியாதை இல்லை, நீங்களும் அப்படியே பேசலாம். தலை நரைத்தவரிடமும் ஹோட்டல் வரவேற்பு மேசையிலும் உஸ்தேதில் தொடங்குவது நல்லது. கொலம்பியா போன்ற நாடுகளில் அது இன்னும் பரவலாக ஓடுகிறது.

11. போனில படிக்கிற பாடத்தில 'அப்லாய்ஸ்' காட்டவே இல்ல. நீங்க மட்டும் ஏன் சொல்றீங்க?

பல செயலிகள் லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷைச் சொல்லித்தருகின்றன. அங்கே 'நீங்கள் பலர்' என்பதற்கு உஸ்தேதெஸ். வினைக்கு 'அவங்க' வடிவமே போதும்: 'உஸ்தேதெஸ் ஆப்லன்'. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து பொஸோத்ரொஸ், அதற்குத்தான் அப்லாய்ஸ், கொமேய்ஸ், பிபீஸ்.

அறுகம்பேக்கு வருவது அனேகமாக ஸ்பெயின்காரர்கள் என்றால், காதுக்கு இதைப் பழக்குங்கள். உங்கள் வாயால் சொல்லும்போது உஸ்தேதெஸ் போட்டாலும் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது போல இருக்குமே தவிர, ஒரு பிழையும் இல்லை.

12. கேட்கிற சொல்லையே திருப்பிச் சொல்லிப்போடுறன். என்ன செய்யிறது?

எல்லோரும் செய்வதுதான். பொத்துவில் பக்கம் சர்ஃபிங் பலகை வாடகைக்கு விடுகிற ஒரு தம்பி சொன்ன கதை: ஒரு பெண் வந்து 'அல்கீலஸ் தாப்லஸ்?' என்று கேட்டிருக்கிறார், 'பலகை வாடகைக்கு விடுகிறாயா?' என்று. இவர் உற்சாகமாக 'ஸீ, ஸீ, அல்கீலஸ்!' என்றிருக்கிறார். அந்தப் பெண் தன் நெஞ்சில் விரலை வைத்து 'யோ?' என்று கேட்டிருக்கிறார். 'ஓம் ஓம், நீ வாடகைக்கு விடுகிறாய்' என்றல்லவா பதில் போயிருக்கிறது! 'அல்கீலொ' என்றிருக்க வேண்டும். கடையில் இரண்டு பேர் என்றால் 'அல்கிலாமொஸ்'.

தமிழில் 'விடுறியா?' என்றால் யோசிக்காமலே 'ஓம், விடுறன்' என்கிறோம். அந்த வேகம் ஸ்பானிஷில் வர, ஸ் கேட்டால் ஒ கொடு என்று இரண்டு பேராகப் பயிற்சி செய்யுங்கள். நாதஸ்? (நீந்துவாயா?) நாதொ. பேபெஸ்? (குடிப்பாயா?) பேபொ. எஸ்க்ரீபெஸ்? (எழுதுவாயா?) எஸ்க்ரீபொ. பத்து வினையைப் பந்து எறிவது போல வேகமாகக் கேட்கச் சொல்லுங்கள். கேள்விக்குத் தனி வினை எதுவும் தேவையில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். குரலை உயர்த்தினால் கேள்வி.

13. 'இல்லை' சொல்லும்போது வினை என்னாகும்?

வினைக்கு முன்னால் நோ. விகுதி அப்படியே இருக்கும். 'நோ ஆப்லொ', 'நோ ஆப்லஸ்', 'நோ ஆப்லன்'.

சின்ன விடயம்தான், ஆனால் நாம் தடுக்குகிற இடம். தமிழில் 'நான் கதைக்கல்ல, நீ கதைக்கல்ல, அவங்க கதைக்கல்ல'. இல்லை என்று வந்ததும் விகுதி காணாமல் போகிறது. அதே பழக்கத்தில் நம்மவர்கள் 'நோ ஆப்ல' என்று எல்லோருக்கும் ஒன்றையே போடுகிறார்கள். ஸ்பானிஷில் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வால் ஒட்டியே இருக்கும்.

14. 'கதைக்கிறன்', 'கதைச்சுக்கொண்டிருக்கிறன்' ரெண்டுக்கும் வேற வேறயா?

ஆப்லொ இரண்டையும் தாங்கும். 'தினமும் கதைக்கிறேன்' என்பதற்கும், போனில் இருக்கும்போது 'கதைக்கிறேன், பொறு' என்பதற்கும் அதுவே. இந்த நிமிடம் நடப்பதை அழுத்திக் காட்ட 'எஸ்தோய் அப்லாந்தொ' என்று ஒன்று உண்டு. இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

15. நேற்று நடந்ததை எப்படிச் சொல்றது?

ஆர் வகைக்கு: அப்லே, அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாஸ்தெய்ஸ், அப்லாரொன். ஏர், ஈர் இரண்டுக்கும் ஒரே விகுதி: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன். பிபீர் வினைக்கு பிபீ, பிபீஸ்தெ என்று அப்படியே போகும்.

இப்போது 3ஆம் பதிலுக்குத் திரும்புங்கள். ஆப்லொ என்றால் 'கதைக்கிறன்'. அப்லோ என்றால் 'கதைச்சான்' அல்லது 'கதைச்சாள்'. எழுத்து ஒன்றுதான், ஸ்பானிஷில் கடைசி எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அழுத்தம் இடம் மாறினால் ஆளும் மாறும், காலமும் மாறும்.

இன்னொன்று: 'அப்லாமொஸ்' நிகழ்காலத்திலும் இதே, இறந்தகாலத்திலும் இதே. பிபீமொஸும் அப்படி. அயேர் (நேற்று), ஓய் (இன்று) போன்ற சொல் பக்கத்தில் இருந்தால்தான் பிரியும். ஏர் வகை மட்டும் தப்பித்துக்கொண்டது: கொமேமொஸ் இன்று, கொமீமொஸ் நேற்று.

16. சின்ன வயசில செய்த பழக்கத்தைச் சொல்லவும் அதுதானா?

இல்லை, அதற்கு வேறு. 'அப்ப நாங்க வாவியில மீன் பிடிப்பம்' என்று சொல்வோம். 'பிடிச்சம்' என்றால் ஒரு நாள் கதை, 'பிடிப்பம்' என்றால் வழக்கம். ஸ்பானிஷில் 'பெஸ்காமொஸ்' ஒரு நாள், 'பெஸ்காபமொஸ்' வழக்கம். ஆர் வகைக்கு ஆப, ஆபஸ், ஆப, ஆபமொஸ், ஆபய்ஸ், ஆபன். மற்ற இரண்டுக்கும் ஈய, ஈயஸ், ஈய, ஈயமொஸ், ஈயய்ஸ், ஈயன். இந்த 'ஆப', 'ஈய' துண்டுகள் நம் இலக்கணத்துக் கால இடைநிலை போலவே வேலை செய்கின்றன. பகுதி, இடைநிலை, விகுதி என்று கொப்பியில் பிரித்து எழுதிப் பாருங்கள், அழகாகப் பிரியும்.

இங்கே 'நான்' வடிவமும் 'அவன்' வடிவமும் ஒன்று. அதனால் 7ஆம் பதிலில் வேண்டாம் என்ற யோ இந்தக் காலத்தில் அடிக்கடி வேண்டியிருக்கும்.

17. நாளைக்கு நடக்கப்போறதுக்கு?

இலகுவான வழி: 'போய் அ' என்று தொடங்கி அகராதி வடிவத்தை அப்படியே வையுங்கள். 'போய் அ கொமேர்', சாப்பிடப் போகிறேன். 'போய்' என்றால் ஸ்பானிஷில் 'போகிறேன்'. சிரிக்காமல் யாரும் இந்தப் பாடத்தைத் தாண்டியதில்லை. ஆளுக்கு ஏற்ப போய், பாஸ், பா, பாமொஸ், பாய்ஸ், பான் (எல்லாம் 'பஸ்' ப). இது ஒழுங்கற்ற வினை, ஆனால் பாடமாக்கினால் எல்லா வினைக்கும் எதிர்காலம் கையில்.

ஒரே சொல்லில் வருகிற எதிர்காலமும் உண்டு. அதில் எதையும் வெட்ட வேண்டாம், முழு அகராதி வடிவத்தோடும் ஒட்டுவது: அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரேய்ஸ், அப்லரான். மூன்று வகைக்கும் இதே விகுதிகள். கடைசி 'ஆன்' நமக்கு ஆண்பால் போலக் கேட்கும், ஆனால் அதுவும் 'அவங்க'தான்.

18. ஒரு வினை ஒழுங்கா, ஒழுங்கற்றதா என்று பார்த்தவுடனே தெரியுமா?

தெரியாது. பெபேர் (குடிக்க) ஒழுங்கு. தெனேர் (வைத்திருக்க) ஒழுங்கற்றது: 'தேனொ' வராது, 'தேங்கொ' என்று வரும். இரண்டின் வாலும் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் ரெயால் அகதேமிய எஸ்பஞோலவின் இணைய அகராதியைப் பாருங்கள். 1713இல் தொடங்கிய மொழிக் கழகம் அது. வினையைத் தேடினால் முழு அட்டவணையையும் காட்டும், காசு கேட்காது.

ஆனால் ஒழுங்கற்றவை என்று சொல்பவற்றில் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கெரேர் (விரும்ப): கியேரொ, கியேரெஸ், கியேரெ, கெரேமொஸ், கெரேய்ஸ், கியேரென். நெடில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பகுதியின் மேல் அழுத்தம் விழுந்தால் அந்த உயிர் உடைந்து 'கியே' ஆகிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்தால் பழையபடி 'கெ'. தொர்மீர் (தூங்க) என்பதும் அப்படியே: துவேர்மொ, தொர்மீமொஸ். விகுதியில் ஒரு மாற்றமும் இல்லை. 5ஆம் பதிலை ஒழுங்காகப் படித்தவருக்கு இது அரை வேலை.

19. பகார் என்ற வினை ஒழுங்கு என்றீங்க. ஆனா 'பகே' எழுதும்போது நடுவில ஓர் எழுத்துக் கூடுதே?

ஒழுங்குதான். பகார் (காசு கொடுக்க), பாகொ, பகே. தமிழில் எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. ஸ்பானிஷ் எழுத்தில் க ஒலிக்குப் போடும் எழுத்து, எ ஒலிக்கு முன்னால் வந்தால் ஹ என்று மாறிவிடும். அது மாறாமல் இருக்க நடுவில் ஓர் எழுத்தைச் செருகுகிறார்கள். யெகார் (வந்து சேர), புஸ்கார் (தேட) ஆகியவற்றிலும் இப்படி எழுத்து மாறும்: யெகே, புஸ்கே. காதால் படியுங்கள், எழுத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

20. ரெண்டு வினை சேர்ந்து வந்தா ரெண்டுக்கும் வாலா?

முதலாவதுக்கு மட்டும். 'நெஸெஸீதொ கொம்ப்ரார் பான்', எனக்குப் பாண் வாங்க வேணும். கொம்ப்ரார் அகராதி வடிவத்திலேயே நிற்கிறது, நம் 'வாங்க' மாதிரி. ஸ்பெயினில் 'நெதெஸீதொ' என்று நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள்.

21. 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதை 'யோ கூஸ்தொ' என்று சொன்னேன், சிரிச்சாங்க.

தமிழில் யோசித்திருந்தால் சரியாகவே வந்திருக்கும். நாம் 'நான் மீன் பிடிக்கிறேன்' என்று சொல்வதில்லை, அது தூண்டிலோடு போகிற கதை. 'எனக்கு' என்கிறோம். ஸ்பானிஷும் அப்படியே: 'மெ கூஸ்த எல் பெஸ்காதொ'. மெ என்பது எனக்கு, தெ என்பது உனக்கு. இங்கிலிஷ் வழியாக வருகிறவர்கள் மாதக்கணக்காகத் திணறுகிற இடம் இது, நமக்கு அரை மணி நேரம்.

ஒரு வித்தியாசம் மட்டும். பிடித்த பொருள் பலவானால் வினையும் பன்மை: 'மெ கூஸ்தன் லொஸ் கங்க்ரேஹொஸ்', எனக்கு நண்டுகள் பிடிக்கும். தமிழில் நண்டு ஒன்றோ நூறோ 'பிடிக்கும்' தான்.

22. எங்கட வீட்டில அம்மம்மா பறங்கியர் போர்த்துக்கேயம் கதைப்பா. எனக்கு இலகுவா வருமா?

சொற்களில் வரும். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டாலும் மொழி தங்கிவிட்டது. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் உடன்பிறப்புகள் என்பதால் அம்மம்மாவின் சொற்களில் நிறைய உங்களுக்கு விளங்கும். ஏன், மேசை, சப்பாத்து, அலுமாரி, பாண் என்று தமிழிலேயே இருப்பவை ஸ்பானிஷ் மேஸ, ஸபாதொ, அர்மாரியொ, பான் ஆகியவற்றின் உறவுகள்தானே.

ஆனால் வினையில் வராது. இங்கே வளர்ந்த போர்த்துக்கேயத்தில் ஆளுக்கு ஆள் விகுதி மாறுவதில்லை. வினை அப்படியே நிற்க, இறந்தகாலத்துக்கு 'ஜா', எதிர்காலத்துக்கு 'லோ' என்று முன்னால் ஒரு சிறு சொல் வரும். சொல்லுக்கு அம்மம்மாவிடம் போங்கள். விகுதிக்கு உங்கள் தமிழே போதும்.

23. மெஸ்ஸியின்ர பேட்டியில 'நீ'க்கு வேற மாதிரி வருதே?

ஆர்ஜென்டினாவில் 'நீ'க்குத் தூ என்று சொல்வதில்லை, போஸ் என்பார்கள். உருகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பல இடங்களிலும் அப்படித்தான். அதற்கு ஏற்ற வினை: அப்லாஸ், கொமேஸ், பிபீஸ். நம் பட்டியலில் உள்ள ஆப்லஸ், கோமெஸ் தான், அழுத்தம் மட்டும் கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. ஈர் வகையில் இது ஸ்பெயினின் பொஸோத்ரொஸ் வடிவத்தோடு ஒன்றாகவே இருக்கும்.

அழுத்தம் கடைசிக்கு வந்துவிட்டதால் எதிர்காலத்தோடு குழம்பலாம். 'அப்லாஸ்' என்றால் கதைக்கிறாய், 'அப்லராஸ்' என்றால் கதைப்பாய். நடுவில் உள்ள அந்த ர கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் வாயால் தூ வடிவத்தையே சொல்லலாம், ஆர்ஜென்டினாக்காரருக்கும் அது விளங்கும்.